புதுத் தரையில் ஜாயின்ட் திட்டுத் திட்டாக இருந்தால்: கழுவுவதா, கலர் பூசுவதா, சுரண்டுவதா?

திருச்சியில் நாங்கள் கட்டிய வீட்டின் ஹாலில் டைல்ஸ் ஒட்டி, டைல்ஸுக்கு நடுவே உள்ள இடைவெளியில், அதாவது ஜாயின்டில், கிரவுட் என்ற கலவையை அடைத்து, தூசியெல்லாம் கூட்டித் துடைத்த அன்று மாலைதான் அது கண்ணில் பட்டது. அடர் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய ஜாயின்ட், ஜன்னல் பக்கம் வெளுத்துக் கிடந்தது. சமையலறை வாசலில் கறுத்திருந்தது. நடு ஹாலில் ஒரு வரிசை முழுக்கச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காஞ்சா ஒரே கலர் ஆயிரும் சார்" என்றார். பத்து நாள் காய்ந்தது. ஆகவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னார் ஒருவர். அதே கிரவுட்டை மேலே இன்னொரு கோட் இழுத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, சிமென்டுக்குப் பதில் ரெசின் என்ற பிசினில் செய்த எபாக்ஸி கிரவுட் போடுவதுதான் நிரந்தரம் என்றார் கடைக்காரர். ஜாயின்டுக்குப் பூசும் கலர் பாட்டில் இருப்பதாகச் சொன்னாள் தங்கை. நான்கையும் எடைபோட்டுப் பார்த்து, சிலதைச் செய்தும் பார்த்த பிறகு எழுதுகிறேன். ஒரே தரையில் மூன்று திட்டுக்கு மூன்று காரணம் இருக்கலாம் என்பது தெரியாமல் எந்த வழியில் இறங்கினாலும் பணம் வீண். சில வழிகளில் தரையும் வீண்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். சிமென்ட் கிரவுட் என்பது சிமென்ட், நைஸ் மணல், நிறப்பொடி, கொஞ்சம் பாலிமர். நிறப்பொடி பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. அது சுலபத்தில் மங்காது. எனவே புதுத் தரையில் நிறம் மாறியிருந்தால், பழியைப் பொடியின் மேல் போடுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கலவையில் தண்ணீர் அதிகம், அடுத்ததில் குறைவு என்றால் இரண்டும் வேறு வேறு நிறமாகக் காயும். தண்ணீர் கூடினால் வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. அடைத்த கையோடு சொட்டச் சொட்ட ஸ்பாஞ்ச் போட்டுத் துடைத்தால் மேலே இருக்கும் நிறப்பொடி தண்ணீரோடு போய்விடும். ஜன்னல் வெயிலும் ஃபேன் காற்றும் படும் இடம் சீக்கிரம் காயும், மூலை மெதுவாகக் காயும். அதிலும் நிறம் பிரியும். அடர் நிறங்களில் இதெல்லாம் பளிச்சென்று தெரியும். வெளிர் நிறத்தில் அதே தப்பு நடந்திருந்தாலும் கண்ணுக்கு அகப்படாது.

வெள்ளை பூப்பது தனிக் கதை. சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது அதையும் கரைத்து இழுத்து வருகிறது. மேலே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதாவது சுண்ணாம்புக் கல். நம் ஊரில் "உப்பு பூத்திருக்கு" என்பார்கள். போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் அந்த உப்பும் இதோடு கூட்டுச் சேரும். தரைத்தளமாக இருந்து, அடிக் கலவை காய்வதற்குள் அவசரமாகக் கிரவுட் அடைத்திருந்தால், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால், பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. டைல்ஸ் வேலை முடிந்த பிறகு பெயின்டர் வந்து பட்டி தேய்த்திருப்பார். அந்தத் தூசி சொரசொரப்பான ஜாயின்டில் போய் உட்கார்ந்து ஈரத் துடைப்பில் பசையாகி ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் கிரவுட் வெளுத்தது போலவே இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் நைலான் பிரஷும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், இது போய்விடும். துடைத்த அழுக்குத் தண்ணீரை அங்கேயே காயவிடாமல் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். எந்த முடிவுக்கும் முன்னால் இந்த ஒரு சுத்தத்தைச் செய்துவிடுங்கள். எங்கள் படிக்கட்டுப் பக்கத்துத் திட்டு இதோடே போய்விட்டது.

சுத்தம் செய்த பிறகு பகல் வெளிச்சத்தில் மூன்று பரிசோதனைகள்.

ஈரத்துணியால் ஜாயின்டை நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் பக்கத்து ஜாயின்டின் நிறத்துக்கு வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் அது பெரும்பாலும் மேலே படிந்த உப்பு. நனைந்த பின்னும் இரண்டும் வேறாகத் தெரிந்தால் நிறம் உள்ளேயே வேறு.

சோபா வரப்போகும் மூலை ஒன்றில் ஆணி முனையால் அரை அங்குலம் கீறிப் பாருங்கள். அடியில் சரியான நிறம் தெரிந்தால் நோய் மேல்தோலோடு சரி. கீறலே வேண்டாம், நகத்தால் சுரண்டினாலே பொடியாகக் கொட்டுகிறது என்றால் தண்ணீர் அளவுக்கு மீறிப் போய்க் கிரவுட் பலமிழந்திருக்கிறது. அதை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

மூன்றாவது, விரலால் தடவிப் பார்ப்பது. சில இடத்தில் ஜாயின்ட் பள்ளமாக இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளத்தில் நிழல் விழுந்து கறுப்பாகத் தெரியும். அது நிறக் கோளாறே இல்லை. அங்கே கலர் பூசினாலும் நிழல் அப்படியேதான் இருக்கும்.

எங்கள் ஹாலில் நடு வரிசை உப்பு. ஜன்னல் பக்கம் நிறம் கழுவப்பட்டது. சமையலறை வாசல் வேறு கலவை, கெட்டியாகக் கலந்தது. மூன்றும் உறுதியாக இருந்தன, பொடி உதிரவில்லை. குளியலறையில் மட்டும் உதிர்ந்தது.

இனி வழிகள். பொறுத்திருப்பதும் ஒரு வழிதான், அதற்குச் செலவில்லை. சிமென்ட் சார்ந்த எதற்கும் முழுப் பலம் வர 28 நாள் என்பது கட்டட வேலையில் உள்ள கணக்கு. அதற்குள் அடி ஈரமும் ஓரளவு இறங்கும், உப்பு பூப்பதும் குறையும். அந்த நாட்களில் தினமும் வெள்ளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி ஈரம் ஏறி மறுபடி பூக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, பிழிந்த துணியால் மட்டும் துடைத்தால் போதும். மேஸ்திரி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது: ஈரத்தால் வந்த கறுப்பு காய்ந்தால் போகும். கலவை மாறியதால் வந்த கறுப்பு ஆறு மாதமானாலும் போகாது. கிரகப்பிரவேசம் என்ற தேதி நம்மை அவசரப்படுத்தும். எங்கள் வீட்டில் திட்டோடுதான் விசேஷம் நடந்தது. வந்தவர்களில் இரண்டு பேர் தவிர யாரும் கீழே பார்க்கவில்லை.

அடுத்தது அமிலத்தால் கழுவுவது. உப்புப் படிவுக்கு இதுதான் மருந்து, ஆனால் எந்த அமிலம் என்பதில் எல்லாம் இருக்கிறது. தெருவில் பாட்டிலில் விற்கும் பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே கிரவுட்டிலுள்ள சிமென்டையும் கரைக்கும். சிமென்ட் போனதும் நிறப்பொடி பிடிமானமில்லாமல் கழுவப்பட்டு, மணல் மட்டும் நிற்கும். இன்று வெள்ளை போய்விட்டது போலத் தெரியும். ஒரு மாதத்தில் முன்னைவிடக் கேவலமாக வெளுக்கும், அழுக்கும் பிடிக்கும். அதன் புகை கதவுக் கீல், ஸ்டீல் குழாய், கைப்பிடி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். புது வீட்டில் இதை ஊற்றக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

வினிகர் போதும். கடையில் வாங்கும் வினிகரில் ஏறத்தாழ 4, 5 சதவீதம்தான் அசிட்டிக் அமிலம். அதோடு சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும். முதலில் ஜாயின்டை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். அப்போதுதான் அமிலம் உள்ளே உறிஞ்சப்படாமல் மேலேயே வேலை செய்யும். பிறகு வினிகரைத் தடவி, சில நிமிடம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீரால் துடைத்து எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. கம்பித் துகள் ஒட்டி நின்று துருக்கறையாகும். வினிகருக்கு அசையாத படிவுக்கு சல்ஃபாமிக் அமிலம் என்ற படிகப்பொடி கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். அது வினிகரைவிடக் கடுமையானது. கையுறையும் கண்ணாடியும் போட்டு, மெல்லிய கரைசலாகத் தொடங்க வேண்டும். முடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை துடைத்தால் மிச்ச அமிலம் அடங்கும். எந்த அமிலமானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

தரை என்ன தரை என்பதையும் பார்க்க வேண்டும். விட்ரிஃபைடு, செராமிக் டைல்ஸுக்கு வினிகர் ஒன்றும் செய்யாது. மார்பிள், கடப்பா, கோட்டா கல் எல்லாம் சுண்ணாம்பு வகை. வினிகர் பட்டாலே பளபளப்பு போய்த் தழும்பு விழும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்தது. அதன் பூவேலை நிறமே சிமென்ட் நிறம்தான். அந்தத் தரைக்காரர்கள் அமிலப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

எங்கள் நடு வரிசை வினிகரில் ஒரே நாளில் சரியானது. பத்து நாள் கழித்து லேசாக மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தோம், அதோடு நின்றது. மூன்று, நான்கு முறைக்குப் பிறகும் பூத்துக்கொண்டே இருந்தால் அடியில் ஈரம் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. குழாய்க் கசிவா, வெளிச்சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்ப்பதுதான் அப்போது வேலை.

மேஸ்திரி சொன்ன யோசனை, அதே கிரவுட்டை மேலே மெல்லிசாக இழுப்பது. ஒரே நாளில் முடியும், காசும் அதிகமில்லை, பார்க்கவும் அன்றைக்கு அழகாக இருக்கும். ஆனால் இறுகிவிட்ட பழைய கிரவுட்டின் மேல் அரை மில்லிமீட்டர் சிமென்ட் பிடித்து நிற்காது. நாற்காலி இழுக்கும் இடத்திலும் வாசலிலும் முதலில் தோல் உரிவது போல உரியும். பிறகு இரண்டு நிறமும் மாறி மாறித் தெரியும். பழைய திட்டைவிட இது மோசம், அதற்குப் பிறகு கலர் பூசவும் வழியில்லாமல் போகும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சம்பளம் வாங்காமல் வந்து செய்து தருகிறேன் என்றுதான் சொன்னார். அன்போடு மறுத்துவிட்டேன்.

கலர் பூசுவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன வழி. இது சாதாரண பெயின்ட் இல்லை. ஜாயின்டுக்கென்றே வரும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அல்லது எபாக்ஸி கலந்த பூச்சு. நிறமும் கொடுக்கும், துளைகளையும் அடைக்கும். இது ஒட்டுவதற்கு ஜாயின்ட் உறிஞ்ச வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே இழுத்துக் கறுத்தால் பூச்சு பிடிக்கும். முத்தாக நின்றால் மேலே ஏற்கெனவே சீலர் என்ற துளையடைக்கும் பூச்சு இருக்கிறது, அல்லது கிரவுட்டே எபாக்ஸி, அப்போது பிடிக்காது. உப்பு பூப்பது நிற்காத ஜாயின்டிலும் பூசக் கூடாது, அடியிலிருந்து தள்ளி உரித்துவிடும்.

நிறத் தேர்வில் ஒரு சொல். திட்டில் மிகவும் கறுத்த இடம் எதுவோ, அதற்குச் சமமான அல்லது ஒரு படி அடர்ந்த நிறம் எடுங்கள். வெளுத்ததைக் கறுப்பாக்குவது ஒரே கோட்டில் முடியும். கறுத்ததை வெளுப்பாக்க இரண்டு, மூன்று கோட் வேண்டும். திட்டு உள்ள இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு நிறுத்தலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். பூசிய ஜாயின்டின் மினுமினுப்பே வேறாக இருக்கும். குறைந்தது ஒரு அறை முழுக்க, வாசல்படி வரை பூச வேண்டும்.

வேலை எவ்வளவு என்று கணக்கிடுவது சுலபம். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் என்றால் ஒரு சதுர அடி தரைக்கு ஓர் அடி நீள ஜாயின்ட். எங்கள் 400 சதுர அடி ஹாலுக்கு 400 அடி. 1 அடிக்கு 1 அடி டைல்ஸ் என்றால் அதே இடத்துக்கு 800 அடி. ஆளை வைத்துச் செய்தால் சதுர அடிக் கூலி பேசுவதைவிட இந்த நீளத்துக்குப் பேசுவது நியாயம். நானும் தங்கையும் சிறிய பிரஷால் பூசி, சில நிமிடத்தில் டைல்ஸ் மேல் பட்டதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனோம். ஒருவர் பூச, ஒருவர் துடைக்க, மணிக்கு 40 அடி வந்தது. இரண்டு நாள். முட்டியும் இடுப்பும் வலிக்கும், அதை மறைப்பதற்கில்லை. மூன்று நாள் ஈரத்துடைப்பு போடாமல் விட்டோம்.

பாலிஷ் செய்த விட்ரிஃபைடு டைல்ஸில் ஒரு ஆபத்து உண்டு. பாலிஷ் செய்யும்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். அடர் நிறப் பூச்சு அதில் இறங்கினால் நிழல் போலக் கறை நிற்கும். மிச்சமிருக்கும் டைல்ஸ் ஒன்றில் பூசித் துடைத்துப் பார்க்காமல் ஹாலில் இறங்காதீர்கள். மேட் டைல்ஸில் கறை இறங்காவிட்டாலும் சொரசொரப்பில் ஒட்டும், அதனால் துடைக்கத் தாமதிக்கக் கூடாது.

சுரண்டி மறுபடி அடைப்பது கடைசி வழி. நிறத்துக்காக மட்டும் உறுதியான ஜாயின்டைச் சுரண்டுவது, என் கணக்கில், தப்பு. 3 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு இன்ச் கிரைண்டரை விட்டால் கை ஒரு நூல் விலகினாலும் டைல்ஸ் ஓரம் பெயரும். பெயர்ந்த ஓரம் ஆயுளுக்கும் தெரியும். நிறத்திட்டு போல அதைச் சரிசெய்ய முடியாது. கையால் சுரண்டும் ரம்பத்தால் நான் குளியலறையில் செய்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் 12 அடி. அதிர்ந்து அதிர்ந்து அறுக்கும் மல்டி டூல் மெஷினில், ஜாயின்டுக்கென்று வரும் கார்பைடு பிளேடு போட்டால் வேகமும் வரும், ஓரமும் பிழைக்கும். தூசியில் சிலிக்கா இருக்கும். துணி கட்டுவது போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது எடுத்தால்தான் புதுக் கிரவுட் நிற்கும்.

எடுத்த பிறகு சிமென்டா, எபாக்ஸியா? எபாக்ஸியில் தண்ணீர் கலப்பதே இல்லை. ரெசின், ஹார்டனர், நிறமுள்ள பொடி மூன்றும் கம்பெனி அளந்து கொடுத்த அளவில் சேருவதால் நிறம் பிரிய வாய்ப்பு மிகக் குறைவு. உப்பும் பூக்காது, மஞ்சள், எண்ணெய்க் கறையும் இறங்காது. ஐரோப்பிய தரநிலை ஈ.என். 13888 இதை ஆர்.ஜி. என்றும், தண்ணீர் குறைவாக உறிஞ்சும் மேம்பட்ட சிமென்ட் கிரவுட்டை சி.ஜி. 2 என்றும் பிரிக்கிறது. பைகளில் அந்த எழுத்தைப் பார்க்கலாம். குறை என்னவென்றால், கலந்த எபாக்ஸி நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகும். டைல்ஸ் மேல் படலமாக நின்றதை அதற்குள் துடைக்காவிட்டால் மறுநாள் அது கல். கை பழகாத ஆள் போட்டால் ஜாயின்ட் அழகாகவும் டைல்ஸ் பசைப் படலத்தோடும் இருக்கும். வெயில் படும் பால்கனியில் வெளிர் நிற எபாக்ஸி மஞ்சளிக்கும். ஹாலுக்கு எனக்குச் சொன்ன செலவு, சுரண்டும் கூலியோடு சேர்த்து, கலர் பூச ஆனதைப் போல ஆறு மடங்கு. அதனால் பொடி உதிர்ந்த குளியலறைக்கு மட்டும் எபாக்ஸி, காலை ஏழு மணிக்குத் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் கலந்து. அங்கே அந்தப் பணம் தகும்.

ஆக எங்கள் வீட்டில் நடு வரிசைக்கு வினிகர், ஹால் முழுக்க ஒரு கோட் கலர், குளியலறைக்கு எபாக்ஸி என்று முடிந்தது. சிமென்ட் கிரவுட் உறுதியாக இருந்து திட்டு மட்டும்தான் பிரச்சினை என்றால், 28 நாள் பொறுத்து, வினிகர் பார்த்து, பிறகு கலர் என்ற வரிசையைத்தான் யாருக்கும் சொல்வேன். வாடகைக்கு விடப்போகும் வீடு, திட்டும் லேசு என்றால் வினிகரோடு நிறுத்திக்கொள்ளலாம். நடமாட்டத்தில் ஒரு வருடத்தில் தானே ஒன்றுபோலப் பழுத்துவிடும். பூசிய கலரை வாசலில் சில ஆண்டுக்கு ஒருமுறை தொட வேண்டிவரும், மிச்ச பாட்டிலை நிறத்தின் பெயர் எழுதி எடுத்துவையுங்கள்.

மாடியில் இப்போது அதே மேஸ்திரிதான் வேலை செய்கிறார். 400 சதுர அடிக்கு 3 மில்லிமீட்டர் ஜாயின்டுக்கு ஐந்தாறு கிலோ கிரவுட்தான் ஆகும். அதைக் கலக்க இரண்டு லிட்டர் தண்ணீர்கூட வேண்டாம். போர் தண்ணீரை ஒதுக்கிவிட்டு ஒரு கேன் வாட்டர் வாங்கி வைத்தேன். ஒரு அறைக்கு ஒரே பேட்ச் எண் உள்ள பைகள், அளந்து ஊற்ற ஒரு குவளை, கலப்பது ஒரே ஆள். துடைக்கும் ஸ்பாஞ்சை முறுக்கிப் பிழிந்த பிறகுதான் தரையில் வைக்கிறார். முதல் அறை காய்ந்து பதினைந்து நாள் ஆகிறது. நேற்று மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் அவரே என்னை மேலே கூப்பிட்டு, ஜன்னலிலிருந்து வாசல் வரை ஒரு ஜாயின்டைக் கையால் தடவிக் காட்டினார்.